கூழ்ப்பானையைக் கொடுக்காத வருடம்

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

பாரிஸின் லா சப்பலில், செருப்புத் தைக்கும் ஒருவர் விட்டுப்போன ஒரு பொந்தில் மீன்கடை கட்டினேன். கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் விரலில் முட்டும், அவ்வளவுதான் இடம். வங்கியில் இருந்த பெண் என் தாள்களைப் புரட்டிவிட்டு, மீன் விற்ற அனுபவம் இருக்கிறதா என்று கேட்டாள். தின்ற அனுபவம் இருக்கிறது என்றேன். அவள் சிரிக்கவில்லை. கடனும் தரவில்லை. அவள் இல்லாமலே கட்டினேன். பூட்டிப்போன ஓர் உணவகத்தின் இரும்புக் கதவுகளை வாங்கி, தோளில் சுமந்து வந்து, குளிர் அறை கட்டினேன். அதைக் கட்டக்கூடாது என்று மேல்மாடிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து கையெழுத்து வைத்தார்கள். இன்றைக்கு அவர்கள் பிள்ளைகள் என்னிடம்தான் மீன் வாங்குகிறார்கள். நோர்மண்டிக் கரைக்கு வான் ஓட்டிப்போய், படகிலிருந்து நேரே மீன் இறக்கிக் கொண்டுவரும் வழியை லா சப்பலுக்குத் திறந்துவிட்டவன் நான். இப்போது அந்த வழியில் ஓடுகிற மற்றக் கடைக்காரர்கள் எல்லாரும் என் டயர் போன தடத்தில் போகிறவர்கள். பாரிஸ் புறநகரான பொண்டியில் வீடு கட்டினேன், வாகனம் விட ஒரு கராஜும் கட்டினேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைக் கண்டதில்லை. பிரெஞ்சு மொழியை வினைச்சொல் இல்லாமலே பேசி இவ்வளவு காலமும் வியாபாரம் செய்திருக்கிறேன். ஒருவரும் விளங்கவில்லை என்று சொல்லிக் கடையை விட்டுப் போனதில்லை.

கடைசியாக, அந்தப் பானை.

பால் தொழிற்சாலை ஒன்றை மூடியபோது அங்கே கிடந்த ஒரு எவர்சில்வர் தொட்டியை விலை பேசி எடுத்தேன். போர்த்துக்கல் நாட்டு ஒட்டுவேலைக்காரர் ஒருவரைக் கொண்டு குறுக்கே வெட்டி, அடியைத் தடிப்பாக்கி, நான்கு காதுகள் வைத்தேன். வெறும் பானையைத் தூக்கவே இரண்டு ஆண்கள் வேண்டும். ஒரு பஸ் நிறைய வரும் சனத்துக்கு ஒரே தடவையில் ஒடியல் கூழ், பனங்கிழங்கு மாவில் மீனும் நண்டும் போட்ட எங்கள் ஊர்க் கூழ், காய்ச்சலாம். பாரிஸிலும் சுற்றுவட்டத்திலும் அப்படி ஒரு பானை வேறு இல்லை. இருந்தால் காட்டட்டும்.

இந்தக் கதை அந்தப் பானையைப் பற்றியது. அதைவிடக் கூடுதலாக, ஓர் ஆற்றைப் பற்றியது.

இங்கே இருக்கும் எங்கள் ஈழத்தமிழர் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஈஸ்டர் கழிந்து வரும் ஞாயிறு, லா சப்பல், செவ்ரான், வில்லியே லே பெல், பொண்டி என்று நாலு பக்கத்துச் சனமும் பஸ் பிடித்து நோர்மண்டிக் கடற்கரைக்குப் போவோம். தவசு காலம் முழுக்க மீன் இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடாமல் இருந்த வேதக்காரரும், அதாவது கிறிஸ்தவர்களும், வருவார்கள், எந்தக் காலத்திலும் மச்சத்தை விட்டிராத என்னைப் போன்ற சைவசமயக்காரரும் வருவார்கள். அந்த நாட்களில் கடல் வழமையைவிட வெகுதூரம் வற்றும். பாறைகள் வெளியே வரும். பாறை முழுக்கக் கறுப்பு மட்டி. இங்கே 'மூல்' என்று உருளைக்கிழங்குப் பொரியலோடு தின்கிறார்களே, அதுதான். பெண்கள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டும், ஆண்கள் வாளியோடும் இறங்கி, பொறுக்கிக்கொண்டு வந்து, கழுவி, கூழுக்குள் போடுவோம். கடையில் வாங்கியதை அன்றைக்கு ஒருவரும் போடுவதில்லை. கையால் பொறுக்கியதுதான் கூழுக்குள் போகும் என்பது சட்டம். அந்தச் சட்டத்தை யார் போட்டது என்று தெரியாது. ஆனால் மீன்கடைக்காரனான எனக்கு அது எப்போதுமே கொஞ்சம் உறுத்தல்தான்.

அந்த வருடம் ஈஸ்டர் முன்கூட்டியே வந்தது. பனியோ பிந்தி வந்தது. பாரிஸில் விழுந்த பனி ஒன்றும் பெரிதில்லை, ஒரு காலைக்குள் சேறாகிப்போயிற்று. மேலே, பாரிஸுக்குள் ஓடும் செய்ன் ஆற்றுக்குத் தண்ணீர் வருகிற மோர்வான் மலைப்பக்கமும், மார்ன் ஆறு தொடங்குகிற மேட்டுப்பக்கமும், பனி குவிந்து கிடப்பதாகத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். நிலம் முன்பே மழையில் ஊறிப்போய்க் கிடந்தது. பிறகு திடீரென்று ஒரு சூட்டுக் காற்று, அதோடு மழை. குவிந்த பனி எல்லாம் ஒன்றாகக் கரைந்தது. ஊறிய நிலம் ஒரு துளியும் குடிக்காது. எல்லாம் ஆற்றுக்குத்தான்.

நான் வாரத்தில் பல காலைகள் மொத்தச் சந்தைக்குப் போய்த் திரும்புகிறவன். சரந்தோனுக்குக் கிட்ட மார்ன் ஆறு வந்து செய்னில் விழும் இடத்தை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். பனி கரைந்த அந்த நாட்களில் ஒரு காலை வானை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தேன். மார்ன் பால்தேநீர் நிறத்தில் வந்தது. செய்ன் அதைவிடக் கறுப்பாக, பழைய கோப்பிச் சக்கை மாதிரி. இரண்டும் கொஞ்ச தூரம் ஒட்டாமல் பக்கம் பக்கமாக ஓடி, பிறகு ஒன்றாகிப் போயின. மரக்கிளை, பிளாஸ்டிக் போத்தல், ஒரு முழுக் கதவு, ஒரு பிள்ளையின் சைக்கிள் எல்லாம் போயிற்று. கரையோர நடைபாதைகள் தண்ணீருக்குள். படகு வீடுகளில் இருந்தவர்கள் பலகை போட்டு நடந்தார்கள். அந்த நாற்றம் எனக்கு நன்றாகப் பிடிபட்டது. மீன்காரன் மூக்கு அது. சேற்று நாற்றம் மட்டும் இல்லை. டீசல் நாற்றம், அதற்குள் கக்கூஸ் நாற்றம்.

பிறகு ஆறு இறங்கியது. நகரசபைக்காரர் நடைபாதையைக் கழுவிவிட்டார்கள். ஓட்டப்பயிற்சிக்காரர் திரும்பி வந்தார்கள். பாரிஸில் எல்லாரும் மறந்துபோனார்கள்.

ஈஸ்டருக்குக் கொஞ்ச நாள் இருக்க, வழமைபோல மீனுக்குக் கரைக்குப் போனேன். அங்கே எனக்கு மட்டி தருகிற ஒரு நோர்மன்காரர் இருக்கிறார். மழை அங்கி கழற்றாத மனிதர், எப்போது பார்த்தாலும் வாயில் அணைந்த சுருட்டு. அன்றைக்கு அவருடைய கொட்டிலில் பெட்டிகள் எல்லாம் கவிழ்த்து அடுக்கியிருந்தன.

மட்டி இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது, கடலுக்குள்ளே இருக்கட்டும் என்றார். சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளைக் காட்டினார். அரசாங்கம் ஒட்டியது. எங்கள் பாறைகளையும் சேர்த்து அந்தக் கரை முழுக்க மட்டி எடுக்கவும் விற்கவும் தடை.

"ஏன்?" என்றேன். எனக்கு நன்றாக வருகிற பிரெஞ்சுச் சொற்களில் அது ஒன்று.

அவர் சுருட்டை எடுத்து, தெற்கே காட்டினார். "உங்கள் பாரிஸ்" என்றார்.

அங்கேயே ஒரு பெட்டியில் உட்கார வைத்து அவர் எனக்கு விளங்கப்படுத்தினார். பாரிஸில் ஆறு இறங்கிவிட்டால் வெள்ளம் முடிந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கிறீர்கள், இங்கே எங்களுக்கு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது என்றார். மேலே கரைந்த பனி வயல்களைக் கழுவிக்கொண்டு வரும். குளிர்காலம் முடிகிற நேரம்தான் வயலுக்கு மாட்டுச் சாணமும் உரமும் போடுவார்கள், அதெல்லாம் சேர்ந்து வரும். தெருக்களில் குளிர்காலம் முழுக்கப் படிந்த உப்பும் எண்ணெயும் வரும். பழைய நகரங்களில் மழைத்தண்ணீரும் கக்கூஸ் தண்ணீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன, அந்தக் குழாய் நிரம்பினால் மிச்சம் அப்படியே ஆற்றில் கொட்டும். ஆறு அதையெல்லாம் வளைந்து வளைந்து காவிக்கொண்டு வந்து லு ஹாவ்ர் துறைமுக வாசலில் கடலுக்குள் விடும். கடல் அதை வாங்கி நடுவே கொண்டுபோவதும் இல்லை. கரையோடு ஒட்டி வடக்கே தள்ளும். வடக்கே யார் இருக்கிறார்கள்? என் மட்டி இருக்கிறது என்றார்.

மட்டி தேடித் தின்னப் போகாது. இருந்த இடத்தில் இருந்துகொண்டு நாள் முழுக்கத் தண்ணீரை உறிஞ்சி, வடித்து, வெளியே விடும். தண்ணீரில் இருப்பது அதன் வயிற்றில் தங்கிவிடும். உரம் வந்து சேர்ந்தால் கடலில் கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகும், அதில் சில நஞ்சு. மட்டிக்கு ஒன்றும் செய்யாது, தின்கிற மனிதனுக்குச் செய்யும்.

"கொதிக்க வைத்தால்?" என்றேன். கையைக் கொதிக்கிற பானைக்கு மேல் வைப்பதுபோலக் காட்டினேன்.

"அந்த நஞ்சு கொதியில் போகாது" என்றார்.

நான் வெறும் மீனோடு திரும்பினேன். வழி முழுக்க என் கண்ணுக்குள் நின்றது அந்தப் பானைதான். நான் கட்டிய பானை. அதற்குள் கை நிறைய மட்டி விழுகிறது. சுற்றிவர எங்கள் சனம், கைக்குழந்தைக்காரிகள், நீரிழிவுக்காரர், அப்போதுதான் அறுவைச் சிகிச்சை முடிந்து வந்த கிழவர்கள், எல்லாரும் கோப்பையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

அன்று மாலை கடையை வேளைக்குப் பூட்டி, சங்கத்து ஆட்களைக் கடைக்குள் கூப்பிட்டேன். சங்கத் தலைவர் மன்னார் ஆள். தகப்பன் வழியாகக் கடற்றொழில்காரர், கடலோடு சேர்ந்த களப்பில் வளர்ந்தவர், இங்கே பஸ் ஓட்டுகிறார், வில்லியே லே பெல்லில் இருக்கிறார். என்னைவிட இளையவர். நல்ல மனிதர், ஆனால் தண்ணீரைப் பற்றித் தன்னைவிட ஒருவருக்கும் தெரியாது என்ற எண்ணம் அவருக்கு. அப்படி எண்ணம் உள்ளவர்களோடு எனக்கு ஒத்துவருவதில்லை.

நான் சொன்னதை எல்லாம் அவர் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அண்ணை, புதுவெள்ளம் கண்ட மட்டி எப்பிடி இருக்கும் எண்டு தெரியுமோ? எங்கடை களப்புக்குள்ளை வெள்ளம் இறங்கினா, இறால் என்ன, நண்டென்ன, மட்டியென்ன, எல்லாம் கொழுத்துப்போய்க் கிடக்கும். வெள்ளம் வராட்டித்தான் கவலைப்படோணும்."

"தம்பி, அது உங்கடை களப்பு. அங்கை வாற வெள்ளம் காட்டுக்குள்ளாலை வரும். இஞ்சை வாறது பாரிஸ் கக்கூசுக்குள்ளாலை வருது."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். தலைவருக்கு அது பிடிக்கவில்லை.

"வெள்ளம் வத்தி எத்தினை நாளாச்சு. நான் ஒவ்வொரு நாளும் பஸ்ஸிலை பாலத்தாலை போறன் அண்ணை. ஆறு நல்லாக் கிடக்கு."

"பாரிஸிலை நல்லாக் கிடக்கு. ஊத்தை அங்கை போயிட்டுது."

"சரி, போனாப் போகட்டும். கொதிக்கிற கூழுக்குள்ளை எந்தக் கிருமி உயிரோடை இருக்கும்?"

"கிருமி சாகும். நஞ்சு சாகாது."

அதற்குப் பிறகுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். மெல்ல, ஒரு கையைக் குளிர் அறைக் கதவில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அண்ணை, உள்ளுக்கை எத்தினை பெட்டி மட்டி இறக்கி வைச்சிருக்கிறியள்?"

எல்லாரும் குளிர் அறைக் கதவைப் பார்த்தார்கள். எனக்கு விளங்கிவிட்டது. அங்கே நின்ற அத்தனை பேரும் அதைத்தான் நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். கிழவன் சரக்கு விற்கப் பார்க்கிறான். பொறுக்கிய மட்டியை நிறுத்திவிட்டுத் தன் மட்டியைத் தலையில் கட்டப் பார்க்கிறான்.

குளிர் அறைக் கதவைத் திறந்து காட்டினேன். உள்ளே ஒரு மட்டி இல்லை. ஆனால் அதற்கும் ஒருவர், "நாளைக்கு இறக்குவார்" என்றார்.

பயணம் போவது, மட்டி பொறுக்குவது என்று முடிவு எடுத்தார்கள். என்னைத் தவிர எல்லாரும் கை தூக்கினார்கள்.

"நல்லது" என்றேன். "பானை என்ரை. பானை வராது."

அடுத்து வந்த நாட்கள் அவ்வளவு நன்றாக இருக்கவில்லை. கடைக்கு வழமையாக வருகிறவர்களில் சிலர் எதிர்ப்பக்க நடைபாதையால் போனார்கள். பொண்டியில் ஒரு அக்கா இருக்கிறா, கூழுக்குக் காரமும் புளியும் பார்த்துச் சொல்லுகிறவ, எல்லாரும் அவவின் நாக்குக்குப் பயம். அவ கடைக்கு வந்து, நெத்தலி நிறுக்கச் சொல்லிவிட்டு, நிறுக்கும்போது சொன்னா:

"பானைக்குள்ளை உங்கடை பேரை எழுதி வைச்சிருக்கிறியளாம். கூழிலை கரையாதே?"

அதைவிடப் பெரிய செய்தி ஒன்று வந்தது. தலைவர் உணவகங்களில் பிரியாணிச் சட்டிகள் இரவல் கேட்டிருக்கிறார். ஆறு ஏழு சட்டியில் பிரித்துக் காய்ச்சப் போகிறார்களாம்.

அன்றைக்கு வீட்டில் நான் கராஜுக்குள் போய்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மனைவி வாசலில் வந்து நின்றா.

"இஞ்சேருங்கோ, பானையைப் பிடிச்சு வைச்சிருந்தா மட்டி துப்பரவாகிடுமே?"

"ஆகாது."

"அவையள் சட்டியிலை காய்ச்சாமல் விடுவினமே?"

"விடாயினம்."

"அப்ப ஏன் பானைக்குப் பக்கத்திலை நிக்கிறியள்? அந்த மனிசனுக்குப் பக்கத்திலை போய் நில்லுங்கோ. அவர் கடல்காரன். நீங்கள் சொல்லுறதைக் கேக்கமாட்டார், கண்ணாலை காட்டினாப் பாப்பார்."

இந்த யோசனை எனக்கும் முன்பே இருந்தது. மனைவியின் வாயில் முதலில் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன். "தம்பி, உங்களுக்கு ஓய்வு நாள் எப்ப? என்னோடை வானிலை ஒருக்கா வாருங்கோ. உங்கடை கண்ணாலை பாத்திட்டு, நல்லது எண்டு சொன்னியளெண்டா, பானையை நானே தூக்கி பஸ்ஸிலை ஏத்துறன். பொண்டி அக்காவுக்கு முன்னாலை மன்னிப்பும் கேக்கிறன்."

அந்தக் கடைசி வசனத்துக்காகத்தான் அவர் வந்தார் என்று நினைக்கிறேன்.

வழியில் என் மனைவி கட்டித்தந்த மீன் ரோல்ஸை அவர் தின்றார். வெயில் நன்றாக எறித்தது. எங்கள் கடற்கரைக்கு இறங்கும் சரிவில் மெய்ரிக்காரர், அந்த ஊர் நகரசபைக்காரர், ஒரு பலகை அடித்திருந்தார்கள். மட்டி பொறுக்கத் தடை என்று படமும் போட்டிருந்தது.

"உது பிரெஞ்சுக்காரற்றை வயித்துக்கு எழுதினது" என்றார் தலைவர்.

கடல் வற்றிக் கிடந்தது. தண்ணீர், நான் சொன்னதையெல்லாம் பொய்யாக்குவதுபோல, கண்ணாடி மாதிரி இருந்தது. பாறைகளுக்கு இடையில் நின்ற தண்ணீரில் மணல் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. தலைவர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார். ஒரு கை மட்டியை உரித்து எடுத்து, என் மூக்குக்குக் கிட்டே பிடித்தார்.

"இதோ, உங்கடை கக்கூஸ் தண்ணி. கொழுப்பைப் பாருங்கோ அண்ணை. நான் சொன்னனான்."

உண்மையில் கொழுத்துத்தான் இருந்தது. "சப்பாத்தைப் போடுங்கோ, மேலை போவம்" என்றேன்.

அந்தக் கரைக்கு மேலே வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை சுவர்போல எழும்பி நிற்கிறது. அதன் உச்சிக்கு ஒரு ஒற்றையடிப்பாதை உண்டு. என் முழங்கால் அன்றைக்குப் பட்ட பாடு சொல்லி மாளாது. உச்சியில் போய், லு ஹாவ்ர் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னேன்.

கீழே நிற்கும்போது தெரியாதது மேலே நின்றால் தெரியும். தூரத்துக் கடல் பச்சையாக இருந்தது. கரையோரம் ஒரு மண்நிறப் பட்டி. ஆற்று வாய்ப்பக்கம் அகலமாகத் தொடங்கி, வரவர ஒடுங்கி, கரையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பச்சையும் மண்நிறமும் முட்டுகிற இடத்தில் நுரைக்கோடு ஒன்று. அந்தக் கோட்டில் குப்பை மிதந்தது, கடற்காகங்கள் அதன் மேல் குந்தியிருந்தன.

தலைவர் நெற்றியில் கையை வைத்து வெகுநேரம் பார்த்தார். பஸ் ஓட்டுகிற மனிதரின் பார்வை இல்லை அது. அவருடைய தகப்பனும் படகின் முன்பக்க அணியத்தில் நின்று அப்படித்தான் பார்த்திருப்பார் என்று நினைத்தேன்.

"அண்ணை, அது சேத்துத் தண்ணி."

"ஓம்."

"நீரோட்டம் இஞ்சாலைதான் இழுக்குது. அந்தக் காகங்களைப் பாருங்கோ, சும்மா இருந்துகொண்டே இஞ்சாலை வருதுகள்." கையை நீட்டிக் காட்டி, "அந்த முனையிலை முட்டித் திரும்புது. திரும்பி நேரை எங்கடை பாறைக்குத்தான் வருது. தண்ணி ஏறேக்கை பாறைக்கு மேலை ஏறும். வத்தேக்கை பின்வாங்கும். நாங்கள் வத்தின நேரம் வந்து பாத்திட்டுத் தெளிவு எண்டுறம்."

இதை நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவரை அந்த உச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனது யார்?

அவர் காற்சட்டைப் பையில் கையை விட்டு, கீழே உரித்தெடுத்த மட்டியை எடுத்தார். மறந்துபோய் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அதைப் புல்லின் மேல் வைத்துவிட்டு, கையைப் பலமாகத் துடைத்தார்.

"எங்கடை களப்பிலை உரமும் டீசலும் கரைஞ்சு வரேல்லை அண்ணை. அதுதான் எனக்குப் பிசகிப்போச்சு."

"இப்ப அங்கையும் வரத் தொடங்கியிருக்கும் தம்பி."

"வரும். வரும்." பிறகு என்னைப் பார்த்தார். "சனத்துக்கு என்னெண்டு சொல்லுறது? பஸ்ஸுக்குச் சொல்லியாச்சு. எல்லாரும் வாளி வாங்கிட்டினம்."

"பஸ் போகட்டும். பானை வரும். பானைக்குள்ளை போடுறது என்ரை பொறுப்பு."

"கடைச் சரக்கோ? சனம் உங்களைக் கிழிக்கும்."

"வித்தாத்தானே கிழிக்கும்."

அந்த ஞாயிறு பஸ்கள் போயின. பானை என் வானில் போயிற்று. அந்த ஆற்று வாசலுக்கும் இந்தக் கரைக்கும் ஒரு தொடர்பும் இல்லாத கடல்களிலிருந்து வந்த நண்டு, இறால், மீன்தலை, கணவாய் எல்லாம் என் குளிர் அறையிலிருந்து போயின. யாரிடமும் ஒரு சதமும் வாங்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு வந்த கதைகளில் இது எங்கேயும் இல்லை.

கரையில் வைத்துத் தலைவர் ஒரு மேசையில் ஏறிச் சனத்துக்கு விளங்கப்படுத்தினார். பனி, வயல், குழாய், ஆற்று வாய், நீரோட்டம், மட்டி உறிஞ்சுவது எல்லாம் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். நானும் நோர்மன்காரரும் அவருக்குள் இருந்து பேசுவதுபோல இருந்தது. ஆனால் எங்கள் இருவரையும் அவர் சொல்லவில்லை.

சிலருக்கு முகம் கறுத்தது. ஒரு மனிதர் யாரும் பார்க்காத நேரம் பாறைப்பக்கம் போய் அரை வாளி மட்டியோடு வந்தார். நான் பானையை விட்டு அசையவில்லை. அகப்பையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணை, ஒரு கைப்பிடி. வாசத்துக்கு."

"வாசம் வேணுமெண்டா என்ரை உடுப்பை மணந்து பாரும்."

பொண்டி அக்கா சிரித்த சிரிப்பில் அந்த மனிதர் வாளியைக் கொண்டுபோய்க் கடலில் கவிழ்த்தார். அக்கா ஒடியல் மாவைக் கரைத்து விட்டா, புளி விட்டா, முருங்கையிலை போட்டா. கடைசியில் அகப்பையில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தா. சனம் முழுக்க அவவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"மட்டி இல்லாத குறை தெரியுது" என்றா. பிறகு, "ஆனா குடிக்கலாம்" என்றா.

பானை வழித்துத் துடைத்ததுபோல முடிந்தது.

இரண்டு கிழமை போக, செவ்ரானிலிருந்து ஒரு குடும்பம் கடைக்கு வந்தது. முகம் காய்ந்துபோய் நின்றார்கள். எங்களோடு வராமல் தாங்களே காரில் அதே கரைக்குப் போய், பலகையைப் பார்த்தும் பாராமல் பொறுக்கிச் சமைத்துத் தின்றிருக்கிறார்கள். தாயும் தகப்பனும் பிள்ளைகளும் வயிற்றோட்டத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்து, சேலைன் ஏற்றி, தப்பி வந்திருந்தார்கள். கடையில் நின்ற சனம் முழுக்கக் கேட்டது. அந்தத் தாய் கதையை முடித்ததும் வரிசையில் நின்ற ஒரு கிழவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எதிர்ப்பக்க நடைபாதைக்காரர்கள் அடுத்தடுத்த நாட்களில் இந்தப் பக்கம் வரத் தொடங்கினார்கள்.

கோடை தொடங்குகிற நேரம் நோர்மன்காரர் தொலைபேசி எடுத்தார். தடை எடுத்துவிட்டார்கள். மட்டியைப் பரிசோதித்துப் பார்த்தார்களாம், எல்லாம் சுத்தம். யார் கழுவியது என்று கேட்டேன். யாரும் கழுவவில்லை, ஊத்தையை உறிஞ்சிய அதே வாயால் அது நல்ல தண்ணீரை உறிஞ்சித் தன்னைத்தானே கழுவிக்கொண்டது என்றார். நல்ல தண்ணீர் வந்தால் போதும், அதற்கு வேறு மருந்து வேண்டாம் என்றார். அதைக் கேட்டு எனக்கு என்னவோ செய்தது. அன்று முழுக்க வாடிக்கையாளர் எல்லாருக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோடையில் நாங்கள் இரண்டாம் தரம் பஸ் பிடித்துப் போனோம். வாளிகள் நிரம்பின. அக்காவின் வாயில் குறை வரவில்லை.

ஆறும் அப்படித்தான் என்று இப்போது நினைக்கிறேன். நான் இந்த நகரத்துக்கு வந்த காலத்தில் செய்னுக்குள் கால் வைத்தால் தோல் உரியும் என்பார்கள். இப்போது நிலத்துக்குக் கீழே பெரிய தொட்டி தோண்டி, மழை கூடின நேரம் குழாய்த் தண்ணீரை அதற்குள் பிடித்து வைக்கிறார்கள். கோடையில் பெர்சிப் பக்கம் ஆற்றில் சனம் நீந்துகிறது. என் மகள் நீந்தினாள். கரையில் துவாயோடு நின்ற என்னிடம் தண்ணீரிலிருந்து பிரெஞ்சில் ஏதோ கத்தினாள், நான் தமிழில் கவனம் என்றேன். மழை பெய்த மறுநாள் நீந்த விடுவதில்லை, கொடி மாற்றிவிடுகிறார்கள். அது சரியான வேலை. பனி கூடி விழுகிற வருடம் இன்னும் வரும், ஆறு இன்னும் பால்தேநீராக ஓடும். ஆனால் ஆறு தன் பாட்டில் தெளிகிறது. நாங்கள் கொட்டாமல் இருந்தால், தெளியும்வரை பொறுத்திருந்தால்.

இப்போது சங்கத்தில் ஒரு புதுச் சட்டம் இருக்கிறது. பஸ்ஸுக்குச் சொல்லுமுன் மேலே பனி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அந்தக் கரை மெய்ரிக்குத் தொலைபேசி எடுத்து, மட்டி பொறுக்கலாமா என்று கேட்க வேண்டும். போன தரம் இரண்டு வேறு சங்கங்கள் எங்களிடம் வந்து, இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டுப் போனார்கள். நல்ல விஷயம். எனக்கு மகிழ்ச்சி.

ஆனால் சங்கத்தின் ஆண்டு மலர் வந்ததே, அதை வாங்கிப் படித்தேன். பளபளப்பான தாள். நடுப்பக்கத்தில் அந்தக் கூழ் நாளின் படம், படத்தின் நடுவில் என் பானை, பானைக்குப் பக்கத்தில் தலைவர். கீழே, சுற்றாடல் மீதான அக்கறையோடு நிர்வாகசபை எடுத்த தூரநோக்கு முடிவு என்று எழுதியிருக்கிறது. அகப்பையோடு நின்ற என்னை ஓரத்தில் தோளோடு வெட்டியிருக்கிறார்கள். கையும் அகப்பையும் மட்டும் தெரிகிறது.

தலைவரோடு எனக்குக் கோபம் இல்லை. போன கிழமையும் கடைக்கு வந்து, "அண்ணை, மார்ன் நிறம் எப்பிடி?" என்று கேட்டுவிட்டுத்தான் மீன் வாங்கினார். ஆனால் நிர்வாகசபைக்கு நான் இதை எழுத்தில் சொல்லுகிறேன். கடலில் மட்டிக்குத் தடை வந்ததை முதலில் கொண்டுவந்து சொன்னவன் நான். நீங்கள் கை தூக்கியபோது தூக்காதவன் நான். கண்ணால் பார்க்கக் கூட்டிப் போனவன் நான். அடுத்த மலரில், அதே நடுப்பக்கத்தில், அதே அளவு எழுத்தில், இதைப் போட வேண்டும். பெயர் போட உங்களுக்கு மனமில்லை என்றால் பெயர் வேண்டாம். 'அந்த வருடம் பானையைக் கொடுக்காமல் வைத்திருந்து, பிறகு நிரப்பிக் கொடுத்தவர் லா சப்பல் மீன்கடைக்காரர்' என்று போடுங்கள், எல்லாருக்கும் விளங்கும். கராஜ் வாசலில் நின்று சொன்னதற்காக என் மனைவிக்கும் ஒரு வரி போட வேண்டும், என்னுடையதற்குக் கீழே. படத்தையும் வெட்டாமல் முழுதாகப் போடுங்கள்.